பதினெட்டாம் வளைவு மண்

கூதமலை அடிவாரத்தில் ஓடைக்கரைப்பட்டி என்றொரு ஊர். அந்த ஊரில் காமுத்தாயின் வீடு ஆடி மூன்றாம் வெள்ளியன்று ஒரு விரற்கடை உயர்ந்தது. மறுநாள் இன்னொரு விரற்கடை. அதற்கு மறுநாள் நல்ல மழை பிடித்ததால் ஒரு சாண். நாலாம் நாள் காலையில் அவள் புருஷன் சுருளிவேல் பல் தேய்த்துக்கொண்டே வாசலை விட்டு இறங்கி, கால் வைத்த இடத்தில் தரை இல்லாமல் குப்புற விழுந்து, வாயில் நுரையோடு எழுந்து உட்கார்ந்து கேட்டான்.

“ஏ காமு, தெரு எங்கிட்டுப் போச்சு?”

“தெரு அங்கனயேதான் கெடக்கு. நாமதான் மேல வந்துட்டோம்” என்று சொல்லிவிட்டு, காமுத்தாய் ஒரு செங்கல்லை எடுத்துப் படிக்குக் கீழே போட்டாள். அன்றைக்கு ஒரு செங்கல் போதுமானதாக இருந்தது.

இதற்கெல்லாம் காரணம் சுருளிவேலேதான், வேறு யார்மீதும் பழி போடுவதற்கில்லை. ஊர்க்காரர்களின் குலசாமி, கூதல் என்ற குளிரையே பெயராகக் கொண்ட கூதலம்மன், மலை உச்சியில், பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, எந்நேரமும் மூடுபனி கவிந்த ஒரு சோலைக்குள் கல்லாக உட்கார்ந்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு தரம் ஊரே திரண்டு போய்ப் பொங்கல் வைக்கும். பஸ் பதினாறாம் வளைவோடு நின்றுவிடும், மிச்சத்தை மொபெட் இல்லாதவர்கள் நடந்துதான் ஏறவேண்டும், ஊரில் பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது. ஆகவே பஞ்சாயத்துத் தலைவர் பெத்தணன் கூட்டம் போட்டு, அம்மனைக் கீழேயே கொண்டுவந்துவிடலாம் என்றார். அதற்கு வழி இருக்கிறது. சாமி இருக்கிற இடத்து மண்ணில் ஒரு பிடி வாங்கி வந்து, வேண்டிய இடத்தில் போட்டுக் கோயில் எழுப்பினால் சாமி அங்கேயும் இருக்கும். பிடிமண் என்பார்கள். அதற்கு இரண்டே விதிகள்தான். மண்ணுக்குரியவரிடம் வாய்விட்டுக் கேட்டு, அவர் கையால் கொடுக்க, நம் கையால் வாங்கவேண்டும். வழியில் எங்கும் தரையில் வைக்கக் கூடாது, வைத்தால் சாமி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

பிடிமண் எடுத்துவரும் மரியாதை இந்த முறை சுருளிவேலுக்கு வந்தது. மரியாதை வந்தால் அவனுக்குத் தலைகால் புரியாது. முன்னூறு தலைக்கட்டுள்ள ஊர், அதற்குப் போய் ஒரு பிடி மண்ணா, பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று யோசித்து, ஒரு சிமெண்டுச் சாக்கைக் கொண்டுபோய், சோலை மரத்தடியில் மக்கிய இலையும் கறுத்த ஈர மண்ணுமாக வாய் வரைக்கும் அள்ளி, மேலேயிருந்த பூசாரியைக் கெஞ்சிக் கூத்தாடி அந்த மூட்டை முழுவதையும் ஒரு பிடி என்று ஒப்புக்கொள்ள வைத்து, மொபெட்டில் இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்திப் பதினெட்டு வளைவும் இறங்கி வந்தான். ஊருக்கு மேற்கே கொட்டகை போட்டு மேளத்தோடு காத்திருந்தார்கள். வழியில் அவன் வீடு வந்தது, கூடவே தாகமும் வந்தது, ஒரே ஒரு வாய் தண்ணீர் என்று வண்டியை நிறுத்தி மூட்டையை வாசலில் இறக்கி வைத்தான். குடித்துவிட்டு வந்து தூக்கினால் வரவில்லை. நாலு பேர் கூடி இழுத்ததில் சாக்குதான் கிழிந்தது, மண் வாசலோடு வாசலாகப் பரவிக்கொண்டது. குறி சொல்லும் கோடாங்கி வந்து உடுக்கை அடித்துப் பார்த்தார். “ஆத்தா உக்காந்துட்டா, இனி எந்திரிக்க மாட்டா” என்று கையை விரித்துவிட்டார். கொட்டகையைப் பிரித்து எடுத்துவந்து காமுத்தாய் வாசலிலேயே ஒரு கல்லை நட்டு, அதற்கு மஞ்சள் துணி கட்டினார்கள்.

வீடு உயர ஆரம்பித்ததும் ஊர் அதை அம்மனின் சக்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. காமுத்தாய்க்கு மட்டும் அது யாருடைய வேலை என்று இன்னும் கொஞ்சம் விவரமாகத் தெரிந்திருந்தது. பதினொரு வருஷமாக அவள் பிழைப்பு அப்படி. டவுன் கல்லூரியில் எஸ்தர் மேடம் என்ற பேராசிரியர் கூதமலை மண்ணுக்குள் வாழும் பொடி உயிர்களை ஆராய்கிறார். அவருக்காக மாதம் ஒரு முறை ஒவ்வொரு வளைவிலும் இறங்கி ஒரு டப்பா மண் அள்ளி வருவது காமுத்தாய்தான். வீட்டுப் பின்கட்டில் பதினெட்டுப் புனல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சல்லடை, சல்லடைமேல் மண், மண்ணுக்குமேல் ஒரு குண்டு பல்பு, புனலுக்குக் கீழே ஸ்பிரிட் ஊற்றிய புட்டி. பல்பின் சூட்டில் மேல்மண் காயக் காய, அதிலிருக்கிற பொடிசுகள் ஈரத்தைத் தேடிக் கீழே கீழே இறங்கி, கடைசியில் புனல் வழியாகப் புட்டியில் விழும். விழுந்தவற்றை லென்சில் பார்த்து எண்ணி நோட்டில் எழுதவேண்டும்.

மேடம் அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்கள் வைத்திருந்தார். காமுத்தாய் தனக்கென்று வேறு பெயர்கள் வைத்துக்கொண்டாள். வயிற்றுக்கடியில் வாலை மடக்கி வைத்திருந்து, தொட்டால் அதை உதைத்து எம்பிக் குதிக்கிற வெள்ளைப் பூச்சி தத்துவான். கடுகைப்போல உருண்டு கறுத்து மினுங்கிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் ஊரும் உண்ணி பண்ணையார். முன்னால் இரண்டு இடுக்கியை நீட்டி மிரட்டிக்கொண்டு, ஆனால் கொட்டுவதற்கு வாலே இல்லாத, அரைக்கால் அரிசி அளவுத் தேள் ஏட்டையா. மலையின் கீழ் வளைவுகளில் எறும்பும் கறையானும் வைத்ததுதான் சட்டம். ஏற ஏற வகை கூடிக்கொண்டே வந்து, எட்டாம் ஒன்பதாம் வளைவில் சந்தைக்கடை நெரிசல். ஒரே டப்பாவில் நாற்பது வகை பார்த்திருக்கிறாள். அதற்குமேல் குளிர் ஏற வகை குறையும். பதினெட்டாம் வளைவில் ஆறேழு வகைதான், ஆனால் ஒவ்வொன்றும் கல்யாணக் கூட்டமாக இருக்கும். டப்பாவில் சீட்டு ஒட்டாமல் கொடுத்தாலும், உள்ளே நடமாடுகிறவர்களைப் பார்த்து எத்தனையாவது வளைவு என்று சொல்லிவிடுவாள்.

ஆகவே வாசல் மண்ணில் ஒரு பிடியை அள்ளி லென்சுக்குக் கீழே வைத்ததும் அவளுக்குப் புரிந்துபோயிற்று. அத்தனையும் பதினெட்டாம் வளைவுத் தத்துவான்கள், கூடவே குளிருக்குப் பழகிய பண்ணையார்கள். அடிவாரத்துச் சூடு அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தங்கள் உயரம் தங்களுக்கு வேண்டும் என்று முடிவுசெய்து, லட்சம் வாலாலும் லட்சோப லட்சம் காலாலும் கீழ்மண்ணை உதைத்து உதைத்து, தங்களுக்கு மேலிருந்த வாசலையும் அம்மனையும் அடுப்பையும் சுருளிவேலையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மேலே போய்க்கொண்டிருந்தன. காமுத்தாய் மேடத்துக்குப் போன் போட்டாள்.

“மேடம், மேல் வளைவுப் பூச்சியெல்லாம் வீட்டுக்குக் கெளம்பிருச்சு. எங்க வீட்டையும் கூட்டிக்கிட்டுப் போகுது.”

மேடம் நிதானமாக, “வாராவாரம் உயரத்தை அளந்து எழுதிடும்மா காமு. டேப்பை நேராப் புடி” என்றார்.

ஆவணியில் செங்கல் போதாமல் ஏணி வந்தது. புரட்டாசியில் ஏணி போதாமல் படிக்கட்டு வெட்டினார்கள். ஐப்பசி அடைமழையில் ஒரே வாரத்தில் ஒரு பனை உயரம் ஏறி, கார்த்திகையில் இன்னொரு பனை ஏறி, தை பிறந்தபோது மூன்று பனையைத் தாண்டிவிட்டது. வீட்டின் மூன்று பக்கமும் புறம்போக்கு என்பதால் மேடு அந்தப் பக்கமெல்லாம் தாராளமாகச் சரிந்து, கவிழ்த்த கூடையாக ஒரு குன்றாகியது. அந்தச் சரிவில் மொபெட் ஏறவேண்டும் என்பதற்காகப் பாதையை வளைக்கவேண்டி வந்தது. முதல் கொண்டை ஊசி வளைவுக்குத் தலைவர் பெத்தணன் ரிப்பன் வெட்டினார். மூன்றாவது வளைவில் ‘ஹாரன் அடிக்கவும்’ என்று பலகை வைத்தார்.

ஊர் எதற்குத்தான் பழகவில்லை, இதற்குப் பழகாமலிருக்க. கிராம நிர்வாக அலுவலர் வந்து சுற்றிப் பார்த்தார். பட்டாவில் நீளத்துக்கும் அகலத்துக்கும்தான் இடம் இருக்கிறது, உயரத்துக்குக் கட்டமே இல்லை, ஆகையால் ஆவணப்படி இங்கே எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக்கொண்டு, குளிர் தாங்காமல் இன்னொரு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். லைன்மேன் வாரம் தவறாமல் வந்து வீட்டு வயரில் துண்டு சேர்த்துக் கொடுத்தார். மேட்டின் உச்சியில் கேரட் போட்டால் வந்தது. முள்ளங்கி கேட்காமலே வந்தது. தேனிலவுக்கு மலைவாசத்தலம் போக வசதியில்லாத புதுமாப்பிள்ளைகள், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறி, பனியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சாயங்காலம் மாடு பிடித்துக் கட்டும் நேரத்துக்குத் திரும்பிவந்தார்கள். ஊரில் இருந்தது ஒரே ஒரு ஸ்வெட்டர், பச்சை நிறம். அந்த வருஷத்து ஜோடிகள் எல்லோருடைய போட்டோவிலும் மாப்பிள்ளை அதே பச்சை ஸ்வெட்டரில்தான் நிற்கிறார்.

சுருளிவேல் மலைக்காரன் ஆகிவிட்டான். தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கடைவீதிக்கு இறங்கும்போதெல்லாம் துண்டால் விசிறி, “எப்படித்தான் இந்த வெக்கையில குடியிருக்கீங்களோ” என்று பிறந்து வளர்ந்த ஊரைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். முழங்கால் போனவர்கள் மட்டும் கடுப்பில் இருந்தார்கள். ஏறமுடியவில்லை என்றுதானே அம்மனைக் கீழே கொண்டுவந்தது, இப்போது மறுபடி ஏறவேண்டியிருக்கிறதே என்று தலைவரைப் பிடித்துக்கொண்டார்கள். “கூதலம்மன்னு பேரு வச்சுட்டு வெயில்ல ஒக்காருன்னா ஒக்காருவாளா?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இத்தனை கொண்டாட்டத்திலும் காமுத்தாய்க்கு ஒன்று குறைந்தது. குறைந்தது என்ன, நெஞ்சுக்குள் பெரிய ஓட்டையே விழுந்தது. அது பெருமாயி.

பெருமாயி அவளுடைய ஓரகத்தி, சுருளிவேலின் அண்ணன் பெண்டாட்டி. ஒரே வீட்டைப் பங்கு பிரித்து நடுவில் ஒரு சுவர் எழுப்பி, அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் இவளுமாகக் குடியிருந்தார்கள். அண்ணன்காரன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள் வந்தால் அதிகம். ஆறு வருஷத்துக்கு முன்னால் காமுத்தாய் மகளுக்குச் சடங்கு வைத்தபோது, அச்சடித்த பத்திரிகையில் பெருமாயி புருஷன் பெயர் ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் பெயருக்குக் கீழே வந்துவிட்டது. அதைச் செய்ததும் சுருளிவேல்தான் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. அன்றோடு பேச்சு நின்றது. மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போயும் பேச்சு திரும்பவில்லை.

பேச்சு நின்றதே தவிரச் சாடை நிற்கவில்லை. பெருமாயி தன் முற்றத்தில் கோழியைப் பார்த்து, “ஏ செவலை, ஊராந்தோட்டத்துல மேஞ்சுபுட்டு நீட்டி நிமிர்ந்து நடக்குற, ஒனக்கு வெக்கம் இருக்கா” என்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் காமுத்தாய் தன் வெள்ளாட்டைப் பார்த்து, “அடுத்த வீட்டுச் சட்டியில என்ன வேகுதுன்னே மோந்துக்கிட்டுத் திரியுற, ஒனக்கு வேற பொழப்பு இல்ல” என்பாள். காலையில் வாசல் தெளிக்கும்போது ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று, விளக்கு வைக்கும் முன்னால் ஒரு சுற்று. யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், அரிசி தீர்ந்ததா இல்லையா, எல்லாம் கோழி வழியாகவும் ஆட்டு வழியாகவும் அவரவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நினைக்காமல் இருந்ததில்லை.

வீடு கிளம்பியபோது அந்தச் சுவர் நடுவில் நெடுக்காகப் பிளந்து, காமுத்தாய் பக்கத்துச் சுண்ணாம்பு காமுத்தாயோடு மேலே போயிற்று, பெருமாயி பக்கத்துச் சுண்ணாம்பு பெருமாயியோடு கீழே நின்றது. மற்ற மூன்று பக்கமும் சரிவு. பெருமாயி பக்கம் மட்டும் செங்குத்துப் பள்ளம். முதல் பனை வரைக்கும் சாடை மேலே எட்டியது. இரண்டாம் பனைக்குப் பிறகு காற்றுச் சத்தம்தான் கேட்டது. காமுத்தாய் ஓரத்தில் குப்புறப் படுத்து எட்டிப் பார்ப்பாள். கீழே பெருமாயி கட்டைவிரல் அளவில் நின்றுகொண்டு, தலையை அண்ணாந்து, கையை ஆட்டி ஆட்டி வாயைத் திறந்து மூடுவது தெரியும், ஒரு சொல் வந்து சேராது. இவள் பதிலுக்கு ஆட்டைத் திட்டுவாள். ஆடு அப்பாவியாக இவளையே பார்க்கும். பேசாமலிருப்பதில் இருந்த ருசி, பேசினாலும் கேட்காது என்றான பிறகு போய்விட்டது. கேரட் பொரியல் தொண்டையில் இறங்கவில்லை. பச்சை ஸ்வெட்டரில் யாராவது சிரித்தால் எரிச்சலாக வந்தது.

டேப்பைப் பிடித்து அவள் போட்ட கணக்குப்படி, இன்னும் சில வருஷத்தில் வீடு பதினெட்டாம் வளைவுக்கு நேராகப் போய்விடும். அப்புறம் பெருமாயி செத்தாலும் பிழைத்தாலும் தபாலில்தான் தெரியும். இதை நினைத்த அன்று காமுத்தாய் புனல்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

“கொடுத்து வச்ச காத்து, அழுவுறியே” என்றான் சுருளிவேல்.

“நீங்க மூட்டையைத் தூக்குன லட்சணத்துக்கு இதுவும் பேசுவீங்க, இன்னமும் பேசுவீங்க” என்று மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் எழுந்தாள். எழும்போதே வழியும் தோன்றிவிட்டது. மேல் மண்ணுக்காரர்கள் தங்கள் உயரத்துக்கு இழுக்கிறார்கள் என்றால், அடிவாரத்து மண்ணுக்காரர்களைக் கூடவே குடிவைத்தால் அவர்கள் தங்கள் உயரத்துக்கு இழுப்பார்கள். இரண்டு பக்கமும் இழுத்தால் வீடு நடுவில் எங்காவது நிற்கும்.

ஊரில் மண்ணுக்கா பஞ்சம் என்று அள்ளிவரக் கிளம்பினாள். பருத்திக்காட்டு மண்ணைப் பல்புக்குக் கீழே வைத்தாள். புட்டியில் ஒரு உயிர் விழவில்லை. வாழைத்தோட்டம், நெல்வயல், தலைவர் பெத்தணனின் தென்னந்தோப்பு, எல்லாம் அதே கதை. வருஷக்கணக்கில் உரமும் மருந்தும் கொட்டிக் கொட்டி, மண் பார்வைக்கு மண்ணாக இருந்தது, உள்ளே குடியிருப்பார் யாரும் இல்லை. பதினொரு வருஷமாக மலையெல்லாம் அலைந்து எண்ணியவள், சொந்த ஊர் காலியாகக் கிடப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனாள். யோசனையோடு ஓரத்தில் போய்ப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தாள். பெருமாயியின் குப்பைமேட்டில் அவள் கோழிகள் ஏழும் மும்முரமாகச் சீய்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் வான்கோழிப் பருமன். பெருமாயி பரம கஞ்சத்தனம் பிடித்தவள். உரம் என்று ஒரு பொட்டலம் வாங்கியதில்லை. சாணி, சாம்பல், வாழைப்பட்டை, சோற்றுக்கஞ்சி எல்லாம் அந்த மேட்டுக்குத்தான் போகும். கோழி அப்படிச் சீய்க்கிறது என்றால் உள்ளே ஊரே இருக்கிறது என்று அர்த்தம்.

வாய்விட்டுக் கேட்டால்தான் பிடிமண் பலிக்கும். காமுத்தாய் இரண்டு நாள் அந்த ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, தலையை வாரிக்கொண்டு, மூன்று வளைவும் இறங்கிப் போனாள்.

பெருமாயி முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஆள் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை. பழக்கதோஷத்தில் காமுத்தாயின் பேச்சு கோழியிடம்தான் போயிற்று.

“ஏ செவலை, ஒரு பிடி மண்ணுக்கு வந்திருக்காகன்னு உங்க வீட்டுல சொல்லு.”

முறம் நின்றது. “ஏ செவலை, மலைமேல குடியிருக்குற மகராசிக்குக் கீழ்மண்ணு எதுக்குன்னு கேளு.”

“மேல போறது நிக்கணும்னு சொல்லு.”

“நிக்கலைன்னா யாருக்கு என்ன நட்டமாம்? குளுகுளுன்னு இருக்காம்ல. கேரட்டு காய்க்குதாம்ல.”

செவலை இவளை ஒரு தரமும் அவளை ஒரு தரமும் பார்த்துவிட்டு, இது நம்மால் ஆகாது என்பதாக நடையைக் கட்டியது. முற்றத்தில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

“அக்கா” என்றாள் காமுத்தாய். ஆறு வருஷம் பூட்டிக் கிடந்த சொல், வெளியே வரும்போது கீச்சென்று வந்தது. “ஒரு பிடி மண்ணு குடுங்கக்கா.”

பெருமாயி முறத்தைக் கீழே வைத்தாள். “இப்ப என்ன சொன்ன?”

“அக்கான்னு சொன்னேன்.”

“அதுக்குப் பெறகு?”

“மண்ணு கேட்டேன்.”

“எதுக்கு?”

தத்துவானைப் பற்றியும் பண்ணையாரைப் பற்றியும் சொல்வதற்குக் காமுத்தாய் ஒழுங்காக யோசித்து வைத்திருந்தாள். அது எதுவும் வாயில் வரவில்லை. “மேல ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுக்கா” என்றாள்.

“என்ன கேக்க மாட்டேங்குது?”

“நீங்க திட்டுறது.”

பெருமாயி கழுத்தை வளைத்து அந்த மேட்டின் உச்சி வரைக்கும் பார்த்தாள். “ஒண்ணுமேவா கேக்கல?”

“ஐப்பசிக்குப் பெறகு ஒண்ணும் கேக்கல.”

“கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கார்த்திகை பூராவும் கசாயம் குடிச்சனே. மாட்டுப்பொங்கலன்னைக்கு அம்புட்டுப் பேச்சு பேசுனேன், ஒங்க அப்பன் வீட்டு வரைக்கும் இழுத்தேன். அதுகூடவா கேக்கல?”

“அதுகூடக் கேக்கலக்கா.”

“அப்ப மூணு மாசமா வெறுங்கோழியத்தான் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்” என்று சொல்லி, சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள் பெருமாயி, வந்தது அழுகை. காமுத்தாய் உளுந்துக்குப் பக்கத்தில் மண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து, யாரும் சாகாத வீட்டில் அழுகிற அளவுக்கு மேலேயே அழுதார்கள். பிறகு பெருமாயி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“மண்ணு தாரேன். சும்மா தரமாட்டேன்.”

பத்திரிகையைத் திரும்ப அச்சடிக்கச் சொல்வாள் என்று நினைத்துக் காமுத்தாய் அதற்கும் தயாரானாள்.

“ஒன் வாசல் மண்ணுல ஒரு பிடி நீயும் எனக்குத் தரணும். நீ மட்டும் எறங்கி வந்தா, நான் வரவழைச்சேன்னு ஊர் பேசும். நான் மட்டும் ஏறுனா எனக்கு மானக்கேடு. நீ பாதி எறங்கு, நான் பாதி ஏறுறேன்.”

அன்றைக்கே கை மாற்றிக்கொண்டார்கள். நான் தூக்கிவருகிறேன் என்று சுருளிவேல் முன்னால் வந்தபோது, இரண்டு பெண்களும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். கேட்டு வாங்கிய ஒரு பிடி, கொடுத்த ஒரு பிடி, இரண்டும் உண்மையான பிடிதான், சாக்கு இல்லை. ஆனாலும் அந்தக் குப்பைமேட்டு மண்ணில் மண்புழுக் குஞ்சும் எறும்பும் பூரானும் ஏட்டையாவும் அப்படி நெளிந்தன. இறக்கிவிட்டதும் அவை பெரிய வேலை கிடைத்தது என்பதுபோலக் கிளம்பிவிட்டன. மாசி முழுவதும் காமுத்தாய் வீடு நாளுக்கு ஒரு முழமாக இறங்கியது, பெருமாயி வீடு கோழிகளோடும் குப்பைமேட்டோடும் நாளுக்கு ஒரு முழமாக ஏறியது. லைன்மேன் ஒரு வீட்டு வயரைச் சுருட்டிச் சுருட்டி, இன்னொரு வீட்டுக்கு நீட்டி நீட்டிக் கொடுத்து, தன் வேலையில் முதல் முறையாக மிச்சம் பிடித்தார். கேரட்காரர்கள் கோபித்தார்கள், முழங்கால்காரர்கள் முழுக்க இறக்கச் சொன்னார்கள், புதுமாப்பிள்ளைகள் ஸ்வெட்டர் பொருந்தாது என்றார்கள். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை என்று தெரிந்ததும், இதுதான் நியாயமாக இருக்கும் என்று தலைவர் பெத்தணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பங்குனி பத்தாம் தேதி காலையில் இரண்டு வீடும் ஒன்றரைப் பனை உயரத்தில் நேருக்கு நேர் வந்து நின்றன. பிளந்த சுவர் பொத்தென்று ஒட்டிக்கொண்டது. ஒரு விரற்கடை கோணல் இருந்தது. அதை யாரும் பூசவில்லை. மதியம் பெருமாயி, படி இறங்காமல் படி ஏறாமல், வெறுமனே நடந்து காமுத்தாய் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தாள்.

காமுத்தாய் வாசல் மண்ணை ஒரு டப்பா அள்ளிப் பத்தொன்பதாவதாக ஒரு புனல் வைத்து, பல்பைப் போட்டு, அதிலிருந்து ஒரு சிட்டிகையை லென்சில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வளைவில்கூட இப்படிப் பார்த்ததில்லை. குளிர் நாட்டுத் தத்துவான்களுக்கு ஊடே எறும்பு வழி கேட்டு நடந்தது. பண்ணையார் ஒருவர் மண்புழுக் குஞ்சின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். இதுவரை எந்த வளைவிலும் காணாத முகங்களும் தென்பட்டன.

“நகரு, நானும் பாக்குறேன்” என்று பெருமாயி தோளால் இடித்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி லென்சில் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. “இம்புட்டுப் பேரா?” என்றாள். பிறகு, “இதுல யாரு என் குப்பைமேட்டு ஆளு, யாரு ஒன் வாசல் ஆளு?” என்று கேட்டாள்.

“பிரிச்சுச் சொல்ல முடியலக்கா. கலந்துருச்சு.”

“இந்தப் பல்பு எதுக்கு எரியுது?”

“சூட்டுக்குப் பயந்து கீழ எறங்கும். எறங்கிப் புட்டியில விழும்.”

“புட்டியில என்ன இருக்கு?”

“ஸ்பிரிட்டு. அதுலதான் எண்ணணும்.”

“உசுரோடவா?”

“இல்லக்கா.”

பெருமாயி எழுந்துபோய் சுவிட்சை அணைத்தாள். “நம்ம வீட்டு ஆளுகள எவளாச்சும் சாராயத்துல முக்குவாளாடி?” என்றாள்.

காமுத்தாய் சல்லடையை எடுத்துக்கொண்டுபோய், மண்ணை இரண்டு வாசலும் சேர்கிற இடத்தில் பதமாகக் கொட்டி, வெயில் படாமல் ஒரு வாழைச்சருகை மேலே போட்டாள். அந்த மாதத்து நோட்டில் பதினெட்டு வரிசையும் நிரம்பியிருந்தன, பத்தொன்பதாவது மட்டும் வெறுமையாக இருந்தது. எஸ்தர் மேடம் அதில் விரலை வைத்து, இது என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“அதை எண்ணக் கூடாது மேடம்” என்றாள் காமுத்தாய். “சொந்தக்காரங்க.”